நாலரை வயசுப் பிள்ளையோட தை மாசக் குளிருக்க மலை ஏறலாமா? ஒரு திருமலை அம்மாவுக்குப் பதில்

இந்தக் கிழமை வந்த கடிதம் நாலு பக்கம். முழுசா போட ஏலாது, பேர், வேலை, இடம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு விசயத்த மட்டும் சுருக்கிச் சொல்றன்.

எழுதினவ திருகோணமலை டவுனுக்குக் கிட்ட இருக்கிற ஒரு அம்மா, வயசு 34. கலியாணம் முடிச்சு ஆறு வருசத்துக்குப் பிறகு கிடைச்ச ஒரே மகன், இப்ப நாலரை வயசு, நிறை 15 கிலோ. பிள்ளை கிடைச்சா சிவனொளிபாதமலைக்குக் கூட்டிவாறன் எண்டு மாமி அப்பவே நேர்த்தி வச்சிட்டா. இந்தத் தைப்பொங்கல் லீவோட நேர்த்திய முடிப்பம் எண்டு வீட்டில முடிவெடுத்தாச்சு. பின்னேரம் நாலு மணிக்கு வானில வெளிக்கிட்டு, நடுச்சாமத்தில மலை அடிவாரத்தில இருக்கிற நல்லதண்ணி ஊருக்குப் போய், நிக்காம அப்பிடியே ஏறி, விடிய சூரியன் பாத்து இறங்கி, அண்டைக்கே நுவரெலியாவில தங்கி, அடுத்தநாள் காலமை ஹோர்டன் சமவெளியில உலக முடிவு எண்ட பள்ளத்து விளிம்பு வரைக்கும் நடக்கிறது. இதுதான் பிளான். பிள்ளையத் தூக்க அவட புருசன் ஒரு முதுகுப் பை, இந்த இருக்கை வச்ச சாமான், ஒன்லைன்ல எடுத்து வச்சிருக்கிறாராம். மகன் மேல ஏறி மணியில ஒருதரம் அடிக்க வேணும், அதை வீடியோ எடுக்க வேணும் எண்டுறது அவரிட கனவு.

பிள்ளைக்குப் போன வருசம் ரெண்டு தரம் இழுப்பு, அதாவது மூச்சிழுப்பு வந்து, ஒருதரம் ஆஸ்பத்திரியில ஆவியா மருந்து பிடிச்சிருக்கு. வீட்டில இழுப்பு வந்தா அடிக்கிற நீலப் பம்பும், அதில பூட்டி மருந்தை இழுக்கிற பிளாஸ்டிக் குழாய், ஸ்பேசர் எண்டுறது, அதுவும் இருக்கு. அம்மம்மா, குளிருக்க கொண்டுபோனா பிள்ளைக்கு நிமோனியா வரும் எண்டு அழுறாவாம். அவரிட கூட்டாளி ஒருத்தர், ஒரு மூடி பிராண்டி பருக்கினா குளிர் தெரியாது, நான் என்ட பிள்ளைக்குக் குடுத்தனான் எண்டு சொல்லியிருக்கிறார். இவ கேக்கிறது மூண்டு: மேல ஒட்சிசன் காணாம போகுமா, ஒட்சிசன் டின் ஒண்டு வாங்கிக்கொண்டு போகட்டா? என்ன உடுப்பு போடுறது? கடைசியா, "நான் சும்மா பயப்படுறனா டொக்டர், அவர் அப்பிடித்தான் சொல்றார்."

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில் சொல்றன். நீங்க சும்மா பயப்படேல்ல. ஆனா பயப்பட வேண்டிய சாமான விட்டுட்டு வேற ஒண்டுக்குப் பயப்படுறீங்க. உங்கட அவரும் பிழையான ஆளில்ல, பிள்ளைக்கு மலை காட்ட ஆசைப்படுற அப்பா நல்ல அப்பாதான். அவர் போட்ட டைம்டேபிள்தான் நாலரை வயசுக்குரியது இல்ல.

ஒட்சிசன் டின் வேண்டாம்

சிவனொளிபாதமலை 2243 மீற்றர். ஹோர்டன் சமவெளியும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான், 2100க்கு மேல. மலை உயரத்தால வாற தலையிடி, சத்தி, மூச்சு முட்டுற வருத்தம் எல்லாம் பொதுவா 2500 மீற்றருக்கு மேல போய் அங்க படுத்தெழும்புற ஆக்களுக்குத்தான் வாறது. எங்கட நாட்டில பீதுருதாலகால உச்சி 2524 மீற்றர், அதுதான் ஆகக் கூட. அதால இஞ்ச எந்த மலையிலயும் சுகமான பிள்ளைக்கு அந்தப் பயம் பெருசா தேவையில்ல. மேல காத்தழுத்தம் கடல் மட்டத்தில இருக்கிறதில முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூட, அதால கொஞ்சம் கெதியா மூச்சு வாங்கும், கெதியா களைக்கும், அவ்வளவுதான். டின்னுக்குக் குடுக்கிற காசுக்கு நல்ல ரெயின்கோட் ஒண்டு வாங்குங்கோ.

விசயம் குளிர். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் கிட்டத்தட்ட ஆறரை பாகை குறையும். தை மாசம் திருமலையில விடியக்காலமை 24 பாகை எண்டாலே நாங்க போர்வைய இழுத்து மூடுற ஆக்கள். அந்தக் கணக்கில மேல 10 பாகையும் அதுக்குக் கீழயும் போகும். ஹோர்டன் சமவெளியில தை மாசி மாசங்களில சில விடியல்ல புல்லு மேல பனி உறைஞ்சு வெள்ளையா கிடக்கும். இதோட காத்து சேந்தா, உடுப்பு நனைஞ்சா, உடம்புக்கு அது 10 பாகை இல்ல, இன்னும் எவ்வளவோ கீழ.

சின்னப் பிள்ளையளுக்கு உடம்பு நிறையோட பாக்கேக்க தோல்ட பரப்பு பெரியவங்கள விடக் கூட, தலையும் பெருசு, கொழுப்பும் குறைவு. ஒரு குட்டிக் கேத்தில் பெரிய பானையை விடக் கெதியா ஆறுறதில்லையா, அந்த மாதிரித்தான். ஈரலில சேமிச்சு வச்சிருக்கிற சீனியும் கொஞ்சம்தான், அது முடிஞ்சா உடம்பு சூட்டைப் பிடிச்சு வைக்க ஏலாது. இன்னொண்டு, நாலு வயசுப் பிள்ளை "எனக்குக் குளிருது அம்மா" எண்டு ஒழுங்கா சொல்லாது. சிணுங்கும், பிறகு முரண்டு பிடிக்கும், பிறகு பேசாம இருக்கும். அந்தப் பேசாம இருக்கிறதைத்தான் எல்லாரும் "பாவம், நித்திரையாப் போச்சு" எண்டு நினைக்கிறது.

அப்பாவிட முதுகில இருக்கிற பிள்ளை

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றன் எண்டா, நானே இதில மாட்டுப்பட்ட ஆள். என்ட மகளுக்கு அப்ப அஞ்சு வயசு. நானும் இளம் ஆள், டொக்டர் எண்ட திமிர் வேற. இதே மலை, இதே மாதிரி இரவில. பாதி வழி அவ நடந்தா, பிறகு களைச்சுட்டா எண்டு சால்வையால முதுகில கட்டிக்கொண்டு ஏறினன். எனக்கு வேர்த்துக் கொட்டுது, ஜக்கெற்ற கழட்டி இடுப்பில கட்டியாச்சு, எனக்கு இவ்வளவு சூடு எண்டா என்னோட ஒட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கும் சூடுதானே எண்டு ஒரு நினைப்பு. மகள் சத்தமில்ல. நித்திரை எண்டு விட்டுட்டன்.

தேத்தண்ணிக் கடை ஒண்டில இறக்கி வச்சப்பதான் பாத்தன், வாய் வெளிறிப்போய் இருக்கு, கேட்டதுக்குச் சரியா பதில் இல்ல, சொக்ஸ் ரெண்டும் பனியில நனைஞ்சு சொதசொதப்பு. என்ட வேர்வை அவட நெஞ்சுப்பக்கச் சட்டைய நனைச்சிருக்கு, பிள்ளை மூத்திரமும் போயிருக்கு. கடைக்கார அம்மா ஒண்டும் கேக்கேல்ல, பிள்ளைய என்னட்ட இருந்து வாங்கி, ஈர உடுப்பெல்லாத்தையும் உருவிப்போட்டு, தன்ட சாரியால சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு அடுப்படிக்குப் பக்கத்தில போய் இருந்திட்டா. பிறகு என்னைப் பாத்து ஒரு கேள்வி: "நீங்க நடந்தீங்க சாமி, புள்ள நடந்துச்சா?"

நான் படிச்ச படிப்பில இல்லாத ஒண்டும் அவ சொல்லேல்ல. நடக்கிற ஆளிட தசை வேலை செய்யுது, சூடு பிறக்குது. தூக்கிக்கொண்டு போற பிள்ளைக்கு அந்தச் சூடு இல்ல, கால் தொங்குது, தொடையில பட்டி இறுக்குறதால காலுக்கு இரத்த ஓட்டமும் குறையுது, முதுகுக்குப் பின்னால காத்து நேரா அடிக்குது. தூக்குற ஆள் தன்ட உடம்ப வச்சுப் பிள்ளையிட குளிரை அளக்கிறதுதான் பிழை. அண்டைக்கு நாங்க உச்சிக்குப் போகேல்ல, விடிஞ்சு வெயில் வந்தபிறகு இறங்கிட்டம். மகளுக்கு இப்ப அது ஞாபகமே இல்ல, அந்தக் கடையில தந்த சீனித் தேத்தண்ணி மட்டும் ஞாபகமாம்.

அதால உங்கட அவரிட்ட சொல்லுங்கோ, அந்தப் பை கெட்ட சாமான் இல்ல, வெயில் நேரத்தில, சமதரையில, பிள்ளை களைச்ச அரை மணித்தியாலத்துக்கு நல்ல சாமான். இரவில, நனைஞ்ச படியில, 15 கிலோ பிள்ளையும் பையிட நிறையும் சேத்து முதுகில வச்சுக்கொண்டு ஏறுறதுக்கு இல்ல. அவர் சறுக்கினா பிள்ளைதான் முதல்ல அடிபடும். பையில வச்சா 15 நிமிசத்துக்கு ஒருக்கா நிண்டு, சட்டைக் கொலருக்குள்ள கைய விட்டு பிடரியைத் தொட்டுப் பாருங்கோ. கை கால் சில்லிட்டு இருக்கிறது சாதாரணம், பிடரியும் நெஞ்சும் சில்லிட்டா அது சாதாரணம் இல்ல.

அந்த டைம்டேபிள்

உங்கட பிளானை ஒருக்கா பிள்ளையிட கண்ணால பாருங்கோ. பின்னேரம் வானில ஏறுறான். ஹபரண, தம்புள்ள, கண்டி தாண்டி மலைப்பாதை வளைவுகள் தொடங்க சத்தி எடுப்பான், அனேகமா எடுப்பான், எங்கட பிள்ளையளுக்கு அந்த வளைவு பழக்கமில்லையே. வயித்தில ஒண்டுமில்லாம நடுச்சாமத்தில நல்லதண்ணியில எழுப்பி இறக்குறீங்க. அங்க இருந்து உச்சிக்குக் கிட்டத்தட்ட 1000 மீற்றர் ஏற்றம், 5000க்கு மேல படி. சிகிரியா முழுசா 1200 படி அளவுதான், அதை நாலு தரம் ஏறினாலும் காணாது. அதோட லீவு நாள். லீவு நாளிலயும் போயா நாளிலயும் கடைசிப் படியள்ல சனம் நெருக்கிப்போய் ஒரு படி ஏற அஞ்சு நிமிசம் நிக்க வேண்டி வரும். அதுவரை ஏறி வேர்த்த உடம்பு, அந்த இடத்தில அசையாம நிக்குது, காத்து அடிக்குது. ஏறுறதை விட அந்த நிக்கிற மணித்தியாலம்தான் பிள்ளைக்குக் கூடாது. பிறகு அந்த 5000 படியும் இறங்க வேணும், பெரியவங்களுக்கே முழங்கால் ஜெலி மாதிரி ஆடும். அடுத்தநாள் காலமை திருப்பி நாலு மணிக்கு எழுப்பி ஹோர்டன் சமவெளி, அங்க சுத்து கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர்.

இதை நாலரை வயசில செய்யிற பிள்ளையள் இல்லையா எண்டு கேப்பீங்க. இருக்கு. தோட்டத்துப் பிள்ளையள் கைப்பிள்ளையா இருக்கேக்கயே அம்மாவோட ஏறுதுகள். அந்தப் பிள்ளையள் அந்தக் குளிருக்கயே பிறந்து, அந்த ஏற்றத்தில பள்ளிக்கூடம் போற பிள்ளையள். அவங்களும் அவங்களுக்கு வசதியான நாளில, சனமில்லாத நேரத்திலதான் போவாங்கள். எங்கட பிள்ளை கடற்கரை மணல்ல ஓடின பிள்ளை.

இழுப்பு

அம்மம்மா சொல்றது பாதி சரி. குளிர் நிமோனியாவைக் கொண்டு வராது, கிருமிதான் கொண்டு வரும். வானுக்குள்ள கண்ணாடிய பூட்டிக்கொண்டு எட்டு பேர் இருமிக்கொண்டு போறதில தொத்துறதுக்குத்தான் கூட வாய்ப்பு. ஆனா இழுப்பு வாற பிள்ளைக்குக் குளிர்ந்த காத்து மூச்சுக்குழாய நேராவே சுருக்கும், அதோட ஓட்டமும் ஏற்றமும் சேந்தா இன்னும் கெதியா. அடுப்புப் புகை, வழியில கொளுத்திற சாம்பிராணி, சூடம் எல்லாமும் தூண்டும். அதால அம்மம்மாவ பேசாதீங்கோ, காரணம் வேற எண்டாலும் அவட பயத்தில நியாயம் இருக்கு.

என்ட கணக்கு இது: வெளிக்கிடுறதுக்கு முந்தின நாலு கிழமைக்குள்ள இழுப்பு வந்திருந்தா, இல்ல ரெண்டு கிழமைக்குள்ள தடிமன், காய்ச்சல் வந்திருந்தா, பயணத்தைத் தள்ளிப்போடுங்கோ. வானுக்குக் குடுத்த அட்வான்ஸ் போனா போகட்டும். இழுப்பு வராம தடுக்க ஒவ்வொரு நாளும் போடுற தடுப்புப் பம்ப் எழுதித் தந்திருந்தா அதை ஒருநாளும் விடாம போடுங்கோ, "இப்ப நல்லா இருக்கான்தானே" எண்டு நிப்பாட்டுறதுதான் நான் கிளினிக்கில ஒவ்வொரு மாரியும் பாக்கிற பிழை. நீலப் பம்பை வானில இருக்கிற பெரிய பேக்குக்குள்ள வைக்காதீங்கோ, உங்கட சட்டைக்குள்ள, உடம்போட ஒட்டி வையுங்கோ, பம்ப் குளிர்ந்து போனா மருந்து சரியா வராது. எத்தினை தரம் அடிக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா எண்டு பிள்ளையப் பாக்கிற டொக்டரிட்ட ஒரு துண்டில எழுதி வாங்குங்கோ. அவசரத்தில ஞாபகம் வராது.

மூச்சு எடுக்கேக்க விலா எலும்புக்கு இடையில குழி விழுந்தா, ஒரு வசனம் முழுசா கதைக்க ஏலாம திணறினா, உதடு நீலம் பாரிச்சா, பம்ப் போட்டும் குறையேல்ல எண்டா 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சுட்டு, பம்பைப் போட்டுப் போட்டுக் கீழ கொண்டு வாங்கோ. அந்த அம்புலன்ஸ் நாடு முழுக்க இருக்கு, காசில்ல. ஆனா அது ரோட்டுக்குத்தான் வரும், படிக்கு வராது எண்டதையும் நினைவில வையுங்கோ. அந்தப் பக்கம் எண்டா டிக்கோயாவில ஆதார வைத்தியசாலை, நுவரெலியாவில மாவட்டப் பொது வைத்தியசாலை.

பிராண்டி, தைலம், ரெண்டு ஸ்வெட்டர்

பிராண்டி ஒரு துளியும் வேண்டாம். குடிச்சவுடன முகம் சிவந்து சூடான மாதிரி இருக்கிறது, உள்ள இருந்த சூடு தோலுக்கு வந்து வெளியில போறதால. கொஞ்ச நேரத்தில முந்தி இருந்ததை விட உடம்பு குளிரும். சின்னப் பிள்ளையில அது இரத்தத்தில இருக்கிற சீனியையும் கீழ இறக்கும், வலிப்பு வாற அளவுக்கும் போகலாம். அந்தக் கூட்டாளியிட பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்ல எண்டா அது பிள்ளையிட அதிர்ஷ்டம். கற்பூரம் சேத்த தைலங்களையும் மூக்குக்குக் கிட்ட பூசாதீங்கோ, வாய்க்க போனா கொஞ்சமே ஆபத்து. வானில நித்திரையாக்க எண்டு இருமல் சிரப் பருக்கிற பழக்கம் ஒண்டும் இருக்கு, அதுவும் வேண்டாம்.

காய்ச்சல் வந்தா பனடோல் சிரப் காணும், ஒரு தரத்துக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் படி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. உங்கட போத்தல்ல 5 மில்லிலீற்றருக்கு எத்தினை மில்லிகிராம் எண்டு லேபிளைப் பாத்துத்தான் கணக்கு.

உடுப்பு. ரெண்டு மொத்த ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்கிறதா எழுதியிருக்கிறீங்க. மொத்தம் முக்கியமில்ல, காஞ்சு இருக்கிறதுதான் முக்கியம். உடம்போட ஒட்டி பருத்தி பெனியன் போடாதீங்கோ, அது வேர்வையக் குடிச்சு வச்சுக்கொண்டு ஈரத்துணி சுத்தின மாதிரி பிள்ளையக் குளிரப்பண்ணும். கெதியா காயிற ஸ்போர்ட்ஸ் ரீசேட், கை நீட்டு, அதுக்கு மேல ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்தும் மழையும் புகாத ரெயின்கோட். ஏறேக்க நடுவில இருக்கிறதைக் கழட்டுங்கோ, நிக்கேக்க போடுங்கோ. வேர்க்க முன்னம் கழட்டுறது, குளிர முன்னம் போடுறது. திருமலையில இதெல்லாம் தேடி அலையாதீங்கோ, நுவரெலியா டவுன்ல பேல் உடுப்புக் கடையள்ல பிள்ளையளிட அளவில நல்ல சாமான் மலிவா கிடைக்கும், அதால நுவரெலியாவுக்கு முதல்ல போங்கோ. காது மூடுற தொப்பி, கையுறை (இல்லாட்டி நீளச் சொக்ஸ் ஒரு சோடி கையில போட்டாலும் சரி), மாத்துறதுக்கு மூண்டு சோடி சொக்ஸ், ரெண்டு காற்சட்டை. சப்பாத்துக்குள்ள விரல் ஆட இடமிருக்க வேணும். ரெண்டு சொக்ஸ் போட்டு இறுக்கினா கால் இன்னும் குளிரும். கனடாவில இருந்து சித்தி அனுப்பின பனி உடுப்பு இருக்கு எண்டு ஒரு வரி எழுதியிருந்தீங்க, அது மைனஸ் குளிருக்குரியது, இஞ்ச நடக்கிற பிள்ளை அதுக்குள்ள வேர்த்து நனைஞ்சு போகும். வேணுமெண்டா வானில போர்க்கலாம்.

சாப்பாடு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பசிக்குதா எண்டு கேக்காம. எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், பாண் துண்டில ஜாம், பிளாஸ்கில இளஞ்சூட்டில மைலோ. குளிருக்க பிள்ளை தண்ணி கேக்காது, நீங்கதான் பருக்க வேணும். ஒண்டுக்கும் நேரம் பாத்து விடுங்கோ, நனைஞ்ச காற்சட்டைதான் என்ட மகளுக்குச் செய்த அநியாயத்தில பாதி.

அப்ப போறதா, விடுறதா?

போங்கோ. ஆனா இந்த முறை உச்சிய விடுங்கோ.

நான் உங்கட இடத்தில இருந்தா பொங்கல் லீவை விட்டுட்டு, சாதாரண கிழமை நாள் ரெண்டு மூண்டு லீவெடுத்துப் போவன். பகல்ல வெளிக்கிட்டு, கண்டியில ஒரு இரவு, அடுத்தநாள் பகலோட நுவரெலியா. பிள்ளை 1800 மீற்றரில ஒரு இரவு படுத்து, அந்தக் குளிரைப் பழகட்டும், வாய் வழியா புகை வாறதைப் பாத்துச் சிரிக்கட்டும். அடுத்தநாள் வெயில் ஏற ஹோர்டன் சமவெளிக்குள்ள வானில போய், நடைபாதை தொடங்குற இடத்தில இருந்து அந்தப் புல்வெளியில ஒரு கிலோமீற்றர் நடந்துட்டுத் திரும்புங்கோ. மரை பாக்கிறதுக்கு உலக முடிவுக்குப் போகத் தேவையில்ல, அது வாகனம் விடுற இடத்துக்கே வரும், ஆனா தீனி குடுக்காதீங்கோ. உலக முடிவில கிட்டத்தட்ட 880 மீற்றர் நேர்ப்பள்ளம், மூடுபனி வந்தா விளிம்பு தெரியாது, துள்ளுற வயசுப் பிள்ளையோட அந்த இடம் எனக்குப் பிடிக்கேல்ல. வாசல்ல பொலித்தீன் சோதிப்பாங்கள், அதால மாத்து உடுப்பெல்லாம் துணிப்பையில வையுங்கோ.

நல்லதண்ணிக்கும் போகலாம், பகல்ல. அடிவாரத்தில இருந்து வெள்ளைத் தாதுகோபம் வரைக்கும் பாதை அவ்வளவு செங்குத்து இல்ல, பிள்ளை தன்ட காலால நடப்பான், வழியெல்லாம் கடை, வடை, பொம்மை. அங்க நிண்டு உச்சியப் பாத்துக் கும்பிட்டுட்டு வரலாம். நேர்த்தி விசயத்தில நான் வாய் வைக்க ஏலாது, அது மாமிக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு. ஆனா மாமியிட்ட ஒண்டு கேட்டுப் பாருங்கோ, நேர்த்தி வைக்கேக்க எந்த வயசில எண்டு சொன்னவவா? சொல்லேல்ல எண்டா, எட்டு ஒம்பது வயசில தன்ட காலால ஏறி மணி அடிக்கிறதும் அதே நேர்த்திதான். இந்தப் பருவத்துக்கு உங்கட அவர் மட்டும் ஏறி, பிள்ளைக்காகக் கும்பிட்டுட்டு வரட்டும்.

அதுக்கு முன்னம் ஒரு சின்னப் பரீட்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய அஞ்சரைக்கு எழுப்பி, வீட்டில இருக்கிற உடுப்போட, போட்டுக்கொண்டு போற அதே சப்பாத்து, அதே பையோட கோட்டை வாசல்ல இருந்து கோணேசர் கோயில் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போங்கோ. மாரிக் காத்து அடிக்கிற நாளா பாத்து. ஒரு தரம் இல்ல, ஒரு மாசத்தில நாலஞ்சு தரம். பிறகு ஒருநாள் சிகிரியாவில சிங்கக் கால் இருக்கிற இடம் வரைக்கும். எந்த இடத்தில சிணுங்குறான், சப்பாத்து எங்க கடிக்குது, தொப்பியக் கழட்டி எறியிறானா, எல்லாம் அதில தெரியும்.

திரும்புற நேரத்தை வீட்டிலயே முடிவெடுத்து, மூண்டு பேரும் கேக்கச் சொல்லி வையுங்கோ. "பத்து மணிக்குத் திரும்புறது, எங்க நிண்டாலும்." மேல போய் முடிவெடுத்தா ஒருத்தரும் திரும்ப மாட்டினம், இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் எண்டு இழுபடும். நீங்க ரெண்டு பேரும் அம்மா அப்பா, ரெண்டு பேருக்கும் ஒரே உரிமை, ஒருத்தர் வேண்டாம் எண்டா திரும்புறதுதான், அதுக்குப் பிறகு கீழ வந்து சண்டை பிடிக்கலாம். பிள்ளை "ஏலாது" எண்டு இருந்தாலும் அதே கணக்கு. வெளிக்கிட முதல் நாள் மண்சரிவு எச்சரிக்கையும் பாருங்கோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம் மாவட்டமா விடும், நுவரெலியா பேர் அதில இருந்தா பயணமே இல்ல.

வழியில பிள்ளை திடீரெண்டு அமைதியானா, கால் தடுக்கினா, கதை குழறினா, நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நிண்டுபோய் சோர்ந்தா, அதை நித்திரை எண்டு நினைக்காதீங்கோ. உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழ போகுது எண்டு அர்த்தம். காத்துப் படாத இடம், ஈர உடுப்பைக் கழட்டுறது, காஞ்ச துணி, உங்கட ஜக்கெற்றுக்குள்ள நெஞ்சோட நெஞ்சா அணைக்கிறது, முழிச்சிருந்தா இனிப்பா இளஞ்சூடா குடிக்கக் குடுக்கிறது. கை காலைத் தேய்க்கக் கூடாது, நெருப்பில நேரா காட்டக் கூடாது. அந்தக் கடைக்கார அம்மா செய்த அவ்வளவும்தான். செய்துகொண்டே கீழ இறங்குறதுக்கு வழி பாருங்கோ, 1990க்கும் அடியுங்கோ.

கடைசியா ஒண்டு. பிள்ளைக்கு ஸ்பேசரில மருந்து குடுக்கிற விதத்தை நீங்களும் அவரும் ரெண்டு பேரும் டொக்டருக்கு முன்னால ஒருக்கா செய்து காட்டுங்கோ, அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சா காணாது. கடிதத்தில ஸ்பேசரை ஒவ்வொரு நாளும் துணியால துடைச்சு வைக்கிறன் எண்டு எழுதியிருந்தீங்க. துடைக்காதீங்கோ தங்கச்சி, துடைச்சா மருந்து பிளாஸ்டிக்கில ஒட்டிக்கொள்ளும். கிழமைக்கு ஒருக்கா சவர்க்காரத் தண்ணியில அலசி, அப்பிடியே காத்தில காய விடுங்கோ.